சீல் பிரிக்காத ரெக்கார்டு: மாமி கேட்க ஆசைப்படுகிறார், வாங்க வந்தவர் பிரிக்காதே என்கிறார்

வடசேரிக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் கோட்டாற்றில் மாமி வீட்டு மச்சிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கினோம். உள்ளே 41 எல்பி ரெக்கார்டுகள். 38 ஓட்டிய தட்டுகள், சில நன்றாக இருக்கின்றன, சில போய்விட்டன. மூன்றில் மட்டும் கடையில் போட்ட பிளாஸ்டிக் உறை அப்படியே இருக்கிறது, யாரும் பிரிக்கவே இல்லை. அதில் ஒன்று அமெரிக்கப் பாடகர் ஜிம் ரீவ்ஸின் கிறிஸ்துமஸ் பாட்டுகள். ஆல்பம் முதலில் 1963இல் வந்தது, எங்களிடம் இருப்பது பிற்காலத்து அச்சு. உறையின் மேல் மூலையில் குவைத் கடையின் விலைச் சீட்டு ஒட்டியிருக்கிறது, தினாரில், பேனாவால் எழுதியது, மை வெளிறிக் காவி நிறமாகிவிட்டது.

மாமா 1978 முதல் குவைத்தில் எலக்ட்ரீஷியன். லீவுக்கு வரும்போதெல்லாம் நாலைந்து தட்டு வரும். இந்தத் தட்டை 1989 கடைசியில் கொண்டு வந்தார். வந்த நேரம் வீட்டு பிளேயரில் ஊசி முறிந்து கிடந்தது. அடுத்த லீவில் ஊசி வாங்கி வருகிறேன், அடுத்த கிறிஸ்துமஸுக்குப் பிரிக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். 1990 ஆகஸ்ட் 2ஆம் தேதி ஈராக் குவைத்துக்குள் புகுந்தது. மாமா ஜோர்டானின் அம்மான் நகரம் வழியாக பம்பாயில் வந்து இறங்கியபோது கையில் ஒரு தோள்பை மட்டும்தான். அதற்கப்புறம் ஊசி வாங்குகிற நிலைமை வீட்டில் இல்லை, அடுத்த வருடம் பிளேயரையே விற்றார்கள். தட்டு மச்சில் ஏறியது.

மாமா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. பெட்டியைத் திறந்ததும் மாமி அந்தத் தட்டைத்தான் முதலில் எடுத்து மடியில் வைத்தார். "அவரு இத ஒரு தடவகூட கேக்கலியே மக்களே" என்றார்.

என்னிடம் இப்போது நல்ல டர்ன்டேபிள் இருக்கிறது. பெல்ட் டிரைவ், ஆடியோ டெக்னிக்கா விஎம்95இ கார்ட்ரிட்ஜ், ஊசி தட்டை அழுத்துகிற எடையை 2 கிராமில் வைத்திருக்கிறேன். கொச்சியிலிருந்து ஒருவர் படம் பார்த்துவிட்டு மூன்றையும் சீலோடு கொடுத்தால் 18,000 தருகிறேன் என்கிறார், பிரித்தால் மூன்றுக்கும் சேர்த்து 3,000 கூடத் தேறாது என்கிறார். மாமிக்கு இரண்டையும் சொன்னேன். நீயே பார்த்துச் செய் என்கிறார், ஆனால் அவர் முகம் எனக்குத் தெரியும். நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள்?


மார்த்தாண்டம் 33

தம்பி, பிரிக்காதீர்கள் என்பதுதான் என் பக்கம். பணத்துக்காகச் சொல்லவில்லை.

என்னிடம் 600 தட்டுக்கு மேல் இருக்கிறது, அதில் சீலோடு 22. ஓட்டிய தட்டு ஆயிரக்கணக்கில் எங்கும் கிடைக்கும். பிரிக்காத தட்டு ஒவ்வொரு வருடமும் குறைந்துகொண்டே போகிறது, ஒன்று பிரித்தால் ஒன்று போயிற்று, திரும்பச் செய்ய முடியாது. தொழிற்சாலையிலிருந்து அது எப்படி வெளியே வந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. ஒரு உதாரணம் சொல்கிறேன். 1966இல் பீட்டில்ஸின் ஒரு ஆல்பம் அமெரிக்காவில் இறைச்சித் துண்டும் உடைந்த பொம்மையும் வைத்து எடுத்த அட்டைப் படத்தோடு வந்து, எதிர்ப்பு கிளம்பியதும் திரும்ப வாங்கி, பல அட்டைகளின் மேல் வேறு படத்தை ஒட்டி விற்றார்கள். அதை வெளியிட்ட ரெக்கார்டு கம்பெனியின் தலைவர் பழைய அட்டையில் ஒரு பெட்டி வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தார். சீலோடு இருந்த அந்தத் தட்டுகளை 20 வருடம் கழித்து அவர் மகன் வெளியே கொண்டுவந்தார். மேல் படம் ஒட்டாத அசல் அட்டை எப்படி இருந்தது என்பதற்கு அந்தப் பிரதிகள் நல்ல சாட்சி. அன்றைக்கு அவரும் ஆசைப்பட்டுப் பிரித்திருந்தால்?

மாமி கேட்க வேண்டுமா, கட்டாயம் கேட்கட்டும். அதே ஆல்பத்தில் ஓட்டிய பிரதி ஒன்று 500, 600 ரூபாய்க்குக் கிடைக்கும், நானே தேடித் தருகிறேன். பாட்டு ஒன்றுதானே. சீல் வைத்ததை அப்படியே வையுங்கள்.


குழாய் வீட்டுப் பிள்ளை

பாட்டு ஒன்றுதான் அண்ணே, தட்டு ஒன்று இல்லையே. மாமா வாங்கி வந்தது அந்தத் தட்டு.

எங்கள் அப்பா திருவட்டாறு பக்கம் மைக் செட் வைத்திருந்தவர். 70களில் தொடங்கி கேசட் வந்து மூடும்வரை ரெக்கார்டு போட்டுத்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. கல்யாண வீடு, அம்மன் கொடை, பள்ளித் திருநாள், எல்லா இடத்துக்கும் ஒரே பெட்டி போகும். தென்னை மரத்தில் இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டி விடியற்காலை நாலரைக்கு சீர்காழி கோவிந்தராஜன் குரலில் முதல் பாட்டு போட்டால் ஆற்றுக்கு அக்கரையில் இருப்பவர்களுக்கும் இன்றைக்கு இந்த வீட்டில் விசேஷம் என்று தெரிந்துவிடும். மேசை ஆடினால் ஊசி தாவும், அதனால் ஊசியைத் தாங்குகிற ஆர்மின் தலையில் ஒரு நாலணா நாணயத்தை ரப்பர் பேண்டால் கட்டி வைத்திருப்பார். நாலணா 2.5 கிராம். ஏற்கெனவே கிரிஸ்டல் பிக்கப் அழுத்துகிற அழுத்துக்கு மேல் இது வேறு. மார்த்தாண்டம் அண்ணன் கேட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார் என்று தெரியும். தட்டுகள் சாம்பல் நிறமாகிவிட்டன, வெளிச்சத்தில் பிடித்தால் கறுப்பே தெரியாது.

ஆனால் ஒன்று சொல்கிறேன். ஒவ்வொரு தட்டு அட்டையின் பின்பக்கத்திலும் அப்பா பேனாவால் எழுதி வைத்திருக்கிறார். தேதி, ஊர், கல்யாணமா கொடையா திருநாளா, எத்தனை தடவை போட்டது. குலசேகரம், அருமனை, திற்பரப்பு, வேர்க்கிளம்பி என்று வரிசையாக வரும். ஒரு இபி (சிறிய தட்டு) அட்டையில் மட்டும் 64 ஊர்ப் பெயர் எண்ணினேன், இடம் போதாமல் ஓரத்தில் குறுக்காக எழுதியிருக்கிறார். அந்தத் தட்டு எப்படித் தொழிற்சாலையிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. எங்கெல்லாம் போனது என்று தெரியும். சாட்சி என்றால் எனக்கு அதுவும் சாட்சிதான்.

ஒரு பக்கம் ஓட ஊசி கிட்டத்தட்ட அரை கிலோமீட்டர் நடக்கிறது. அந்த நடைக்காகச் செய்த பொருள் அது. மாமி இருக்கும்போதே போட்டுக் காட்டுங்கள்.


திங்கள்சந்தை

மாமிக்கு என்ன வயது?


வடசேரிக்காரன்

79.


திங்கள்சந்தை

அப்படியென்றால் இவ்வளவு பேச என்ன இருக்கிறது. இந்த டிசம்பருக்குள் போடுங்கள்.


குளச்சல் கரை

நான் இங்கே எப்போதும் வாசிக்கிறவள்தான், எழுதியதில்லை. இதைப் படித்ததும் சொல்லாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் சீல் வைத்தது பத்திரமாக இருக்கும் என்று நானும் நம்பியிருந்தேன்.

எங்கள் வீடு கடலிலிருந்து நடக்கிற தூரம். 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். காலையில் ஓடு பறந்தது, அலமாரி இருந்த மூலையில் வெள்ளம் நேரே இறங்கியது. அப்பாவின் தட்டுகள் ஒரு 90 அங்கே இருந்தன. அன்றைக்கு எங்கள் கரையில் தட்டைப் பற்றி யார் நினைப்பார்கள், கடலுக்குப் போன ஆட்கள் திரும்பவில்லை என்ற அழுகைதான் தெரு முழுக்க. கரண்ட் வர எங்களுக்கு 13 நாள் ஆனது. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ அப்பா தட்டுகளை எடுத்தார். அட்டைகளைத் துணி காயப்போடுகிற கொடியில் போட்டார், தட்டுகளைக் கிணற்றுத் தண்ணீரில் கழுவித் துடைத்து ஒவ்வொன்றாகச் சுவரில் சாய்த்து வைத்தார். சீலோடு இருந்தவை ஏழு. அவற்றின் மேலே துடைத்தார், பளபளவென்று இருந்தது, இதற்கு ஒன்றும் ஆகவில்லை என்று சந்தோஷமாக உள்ளே எடுத்து வைத்துவிட்டார்.

அடுத்த ஜூன் மழைக்குத்தான் வெளியே எடுத்தோம். பிளாஸ்டிக்குக்கு உள்ளே அட்டை முழுக்கக் கறுப்புப் புள்ளி. அந்த உறையில் காற்று போக ஊசி முனை அளவில் ஓட்டைகள் இருக்கும், அதையெல்லாம் நாங்கள் அதுவரை கவனித்ததே இல்லை. அந்த வழியாகவும் மடிப்பு விட்ட இடத்திலும் ஈரம் உள்ளே போயிருக்கிறது, வெளியே வர வழியில்லை. பிரித்தபோது உள் காகிதம் தட்டோடு ஒட்டியிருந்தது. இழுத்தால் காகிதம் கிழிந்து பாதி தட்டிலேயே நின்றது. ஏழில் ஐந்து போயிற்று. கொடியில் காயப்போட்ட தட்டுகள் அட்டை நெளிந்து அசிங்கமாக இருந்தாலும் இன்றைக்கும் பாடுகின்றன.

அப்பா அந்த ஐந்தையும் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. மகனுக்குக் கொடுக்க வேண்டும் என்று பிரிக்காமல் வைத்திருந்தார். அந்தத் தம்பி இப்போது ஓமானில் இருக்கிறான், அவனிடம் இதை நான் இன்னும் முழுசாகச் சொல்லவில்லை.


மார்த்தாண்டம் 33

தங்கச்சி, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

ஆனால் அது புயல். ஓடு பறந்த வீட்டில் எதுதான் மிஞ்சும். உலர்ந்த அலமாரியில் வைத்திருந்தால் அந்த ஏழும் இன்றைக்கு நன்றாகவே இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். என் அறையில் ஏசி ஓடுகிறது, சிலிக்கா ஜெல் இருக்கிறது, எல்லாத் தட்டும் நிமிர்த்தித்தான் நிற்கின்றன.


ஆரல்வாய்மொழி ஆள்

அண்ணன் ஏசி அறையில் வைத்திருக்கிறார், சரி. நம் மாவட்டத்தில் எத்தனை வீட்டில் தட்டுக்கு ஏசி ஓடுகிறது? ஜூனில் தென்மேற்கு மழை, அது முடிந்து துணி காயும் முன்னே ஐப்பசி மழை. என் அறையில் ஒரு ஈரப்பத மானி மாட்டியிருக்கிறேன், இங்கே காற்று அடிக்கிற ஊர், அப்படியிருந்தும் மழைக்காலத்தில் 85 சதவீதம் காட்டுகிறது. தட்டும் அட்டையும் சுகமாக இருக்க 50க்குக் கீழே வேண்டும். கடற்கரை ஊர்களில் உப்பும் சேர்ந்துகொள்ளும். புயல் வர வேண்டிய அவசியமே இல்லை, சும்மா மச்சில் இருந்தாலே போதும்.

இன்னொன்று, இது வானிலையைப் பற்றியது இல்லை. அந்தப் பிளாஸ்டிக் உறையின் குணமே சுருங்குவதுதான், சூடு காட்டிச் சுருக்கித்தான் அதை அட்டையில் இறுக்குகிறார்கள். வருடக்கணக்கில் அது இன்னும் கொஞ்சம் இறுகும். வெயில் ஏறுகிற ஓட்டுக்குக் கீழே மச்சில் இருந்தால் நிச்சயம் இறுகும். அட்டை வில் மாதிரி வளையும், உள்ளே தட்டும் அதோடு வளையும். வினைல் 60, 70 டிகிரியில் இளகத் தொடங்குகிற பொருள், ஆனால் அவ்வளவு சூடு இல்லாவிட்டாலும் 30 வருடம் விடாமல் அழுத்தினால் வளைந்துதான் போகும். நான் வெளிநாட்டுத் தட்டு வாங்கிய முதல் சில வருடங்களில் சீலோடு வாங்கிய நான்கில் இரண்டு தோசைக்கல்லைக் கவிழ்த்த மாதிரி இருந்தன.

சீல் என்பது உள்ளே இருப்பதற்கு உத்தரவாதமும் இல்லை. அச்சிலேயே துளை ஒரு பக்கம் தள்ளி விழுந்த தட்டு உண்டு, பள்ளத்தில் வினைல் முழுசாக நிரம்பாமல் பாதிப் பாட்டுக்கு இரைச்சல் வருகிற தட்டு உண்டு. பிரித்தால்தான் தெரியும். அப்புறம் மறுபடி சீல் போடுவது. பிளாஸ்டிக் சுருக்குகிற இயந்திரம் கடைகளிலேயே இருந்தது, இப்போது யார் வேண்டுமானாலும் வாங்கலாம். நான் ஒருவரிடம் நல்ல விலை கொடுத்து வாங்கிய "பிரிக்காத" தட்டின் உள்ளே வேறு தட்டு இருந்தது. பிரித்துப் பார்க்காமல் இருந்திருந்தால் இன்னும் பெருமையாக வைத்திருப்பேன்.

வடசேரித் தம்பி, விற்பதோ பிரிப்பதோ அப்புறம். முதலில் இதைப் பாருங்கள். தட்டைக் கண்ணுக்கு நேரே கிடைமட்டமாகப் பிடித்து ஓரத்தைப் பாருங்கள், அட்டை நேராக இருக்கிறதா வளைந்திருக்கிறதா. பிளாஸ்டிக்குக்கு உள்ளே அட்டை மூலை தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மேலே பிளாஸ்டிக் நன்றாக இருந்து உள்ளே மூலை தேய்ந்திருந்தால் அது பிறகு போட்ட சீல். டார்ச் அடித்து உள்ளே புள்ளி இருக்கிறதா பாருங்கள். சொல்லுங்கள், பிறகு பேசலாம்.

கொச்சிக்காரர் சொன்ன விலையைப் பற்றியும் ஒன்று. ஜிம் ரீவ்ஸ் தட்டு அபூர்வம் இல்லை, உலகமெங்கும் விற்றது. டிஸ்காக்ஸ் என்ற ரெக்கார்டு இணையதளத்தில் ஒரு தடவை தேடிப் பாருங்கள், வரிசையாக வரும். அவருக்கு வேண்டியது மற்ற இரண்டில் ஒன்றாக இருக்கும், மூன்றையும் சேர்த்து ஒரு விலை சொல்கிறார்.


பறக்கை மாணவன்

இடையில் வந்ததற்கு மன்னிக்கவும். தாத்தாவின் பழைய 78 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 78 சுற்று) தட்டு பத்து இருக்கிறது, எல்லாம் பூஞ்சை. சானிடைசர் போட்டுத் துடைத்தால் போகுமா?


ஆரல்வாய்மொழி ஆள்

வேண்டாம்! கையை எடுங்கள். பழைய 78 தட்டு வினைல் இல்லை, அரக்கு. அரக்கு ஆல்கஹாலில் கரையும், துடைக்கத் துடைக்கப் பாட்டே துணியில் வந்துவிடும். பேட்டரிக் கடையில் கிடைக்கிற டிஸ்டில்டு வாட்டர், அதில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவுகிற சோப்பு, மெல்லிய துணி, பள்ளம் போகிற வழியில் வட்டமாக. நடுவில் இருக்கிற லேபிளில் ஈரம் படக் கூடாது. வெயிலில் காயவைக்காதீர்கள், விசிறியடியில் நிமிர்த்தி வையுங்கள். சிலர் ஃபெவிகால் பூசிக் காயவைத்து உரித்தெடுப்பார்கள், அது வினைலுக்கு மட்டும்தான், இதில் பூசினால் தட்டு போயிற்று. அந்தத் தட்டுகளைப் புது டர்ன்டேபிள் ஊசியில் போடாதீர்கள், 78க்குத் தனி ஊசி, பள்ளம் அகலம்.


மார்த்தாண்டம் 33

ஆரல் அண்ணன் சொன்ன சோதனைகள் எல்லாம் சரி. அதில் எனக்கு மறுப்பு இல்லை.

ஆனால் எல்லோரும் "பிரி, போடு" என்கிறீர்களே, அந்த "போடு" என்ன லட்சணத்தில் நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். வடசேரித் தம்பி 2 கிராமில் வைத்திருக்கிறார், நல்லது. இப்போது ஆசைக்கு வாங்குகிறவர்களில் பாதிப் பேர் அந்தப் பெட்டி மாதிரி மடக்குகிற பிளேயர்தான் வாங்குகிறார்கள், 5, 6 கிராம் அழுத்துகிறது, எடையை மாற்ற வழியே கிடையாது. வைர ஊசிக்கே ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் ஆயுள் இல்லை, ஊசி மாற்றுகிறவர் எத்தனை பேர்? தேய்ந்த ஊசி உளி மாதிரி செதுக்கும். என் பக்கத்து வீட்டுப் பையன் ஒரு அருமையான தட்டை மூன்று மாதத்தில் கெடுத்துவிட்டான், 'ஸ' வருகிற இடமெல்லாம் சீறுகிறது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் சிலவற்றைப் பிரிப்பதில்லை என்று முடிவு செய்தேன். என் 22ஐயும் ஒரு நாள் நல்ல கருவி உள்ள ஒருவர் கேட்கட்டும். அது நானாக இல்லாவிட்டாலும் சரி.

1985இல் சென்னை மூர் மார்க்கெட் எரிந்தபோது எவ்வளவு தட்டு போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். போனது போக மிஞ்சியதை யாராவது தொடாமல் வைத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. இது பணத்தாசை இல்லை, உண்மையாகவே சொல்கிறேன்.


குழாய் வீட்டுப் பிள்ளை

அண்ணே, உங்கள் மனசு எனக்குப் புரிகிறது, கோபம் எதுவும் இல்லை. நீங்கள் சொல்கிற அந்த நல்ல கருவி உள்ள ஒருவர் இந்த இழையிலேயே இருக்கிறார், 2 கிராம் ஊசியோடு, பக்கத்தில் 79 வயது மாமியோடு. இதைவிட எந்த நாளுக்குக் காத்திருப்பது?


மார்த்தாண்டம் 33

அதற்கு எனக்குப் பதில் இல்லை.


வடசேரிக்காரன்

ஆரல் அண்ணன் சொன்னபடி நேற்று இரவு மூன்றையும் பார்த்தேன். பிற்காலத்து சீல் இல்லை, மூலை மூன்றிலும் கூர்மையாக இருக்கிறது. ஒன்று நேராக இருக்கிறது. இரண்டாவதன் உள்ளே கீழ் ஓரத்தில் பழுப்புப் புள்ளிகள். கிறிஸ்துமஸ் தட்டு வளைந்திருக்கிறது. மேசையில் வைத்தால் நடுவில் என் சுண்டுவிரல் நுனி போகிறது. பிளாஸ்டிக்கைத் தொட்டால் மேளத் தோல் மாதிரி விறைப்பு.

வருகிற ஞாயிறு மதியம் பிரிக்கிறேன். விலைச் சீட்டு மட்டும் போகக் கூடாது, அது மாமா கை பட்டது. எப்படிப் பிரிப்பது?


ஆரல்வாய்மொழி ஆள்

பிளேடு வேண்டாம், அட்டையை வெட்டிவிடும். தட்டு வெளியே வருகிற வாய்ப் பக்கம் இருக்கிறதல்லவா, அந்த ஓரத்தை மட்டும் ஜீன்ஸ் போட்ட தொடையில் வேகமாக முன்னும் பின்னும் உரசுங்கள். சூட்டில் பிளாஸ்டிக் அந்த ஓரத்தில் மட்டும் விடும். பிறகு நகத்தால் நீளமாகப் பிரியுங்கள். மற்ற மூன்று பக்கமும் உறை அப்படியே இருக்கும், சீட்டும் இருக்கும். ஆனால் இறுக்கம் போக வேண்டும், அதனால் வாய்ப் பக்கம் முழுக்கத் திறந்துவிடுங்கள்.

தட்டை ஓரத்திலும் லேபிளிலும் மட்டும் பிடியுங்கள். புதுத் தட்டு என்று அப்படியே போட்டுவிடாதீர்கள், அட்டைத் தூசியும் அச்சிலிருந்து ஒட்டிய பிசுக்கும் இருக்கும், டிஸ்டில்டு வாட்டரில் ஒரு தடவை துடைத்து உலரவைத்துப் போடுங்கள். பழைய உள் காகிதத்தை அட்டைக்குள்ளேயே தனியாக வைத்துவிட்டுத் தட்டைப் புதிய உள் உறையில் போடுங்கள். முதல் தடவை போடும்போதே கம்ப்யூட்டரில் பதிந்துவிடுங்கள். மாமிக்கு எப்போது வேண்டுமானாலும் கேட்க ஒரு பிரதி இருக்கும், தட்டும் அதிகம் ஓட வேண்டாம்.

வளைவு விரல் நுனி அளவு என்றால் ஆர்ம் ஏறி இறங்கும், ஆனால் பெரும்பாலும் தாவாமல் ஓடும். கண்ணாடிக்கு இடையில் வைத்துச் சூடு காட்டி நிமிர்த்துகிற வேலையெல்லாம் இப்போது வேண்டாம்.


குளச்சல் கரை

பழுப்புப் புள்ளி இருக்கிற இரண்டாவதையும் உடனே பிரித்துவிடுங்கள் அண்ணே. ஒரு மழையும் தாங்காது. நான் பார்த்தது போதும்.


வடசேரிக்காரன்

நேற்று நடந்ததைச் சொல்கிறேன்.

டர்ன்டேபிளை வண்டியில் வைத்து மாமி வீட்டுக்கே கொண்டுபோனேன், ஸ்பீக்கரும் சேர்த்து. மாமி குளித்து, ஆலயத்துக்குப் போகிற சேலை கட்டி உட்கார்ந்திருந்தார். உரசிய இடம் நாலைந்து நிமிடத்தில் விட்டது. நான் நகம் வைக்கப் போனபோது மாமி கை நீட்டினார், நான் கொடுத்தேன். அவர்தான் பிரித்தார். ஒரு கையால் சீட்டு இருக்கிற மூலையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பூச்சரம் நுனி பார்க்கிற மாதிரி மெதுவாக. பிளாஸ்டிக் விட்டதும் அட்டை தன்னாலே கொஞ்சம் நிமிர்ந்தது, டக் என்று ஒரு சத்தம் கேட்டது. உள்ளேயிருந்து ஒரு வாசம், புதுப் பாடப்புத்தகமும் மெழுகும் கலந்த மாதிரி. 30 வருடத்துக்கு மேல் அந்தக் காற்று உள்ளே இருந்திருக்கிறது.

தட்டில் பூஞ்சை இல்லை. ஓரத்தில் வளைவு இருந்தது, ஊசி வைத்ததும் ஆர்ம் படகு மாதிரி மெதுவாக ஏறி இறங்கியது, ஒரு தடவைகூடத் தாவவில்லை. முதல் பாட்டில் அடியில் புஸ் புஸ் என்று ஒரு மூச்சு மாதிரி கேட்டது, உள்ளே போகப் போகக் குறைந்துவிட்டது. அந்தக் குரல் வந்ததும் மாமி எதுவும் பேசவில்லை. இரண்டாவது பாட்டு முடியும்போது உதடு அசைந்தது, வரிகளை முன்கூட்டியே சொல்கிறார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஜிம் ரீவ்ஸ் பாட்டுகள் இலங்கை வானொலியில் வருமாம், மாமா குவைத்திலிருந்து வரும் ஒவ்வொரு டிசம்பரும் காலையில் இரண்டு பேரும் ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார்களாம். "அப்பம் சுட்டுட்டு இருப்பேன், வந்து அடுப்ப அணச்சிட்டு கூப்பிடுவாரு" என்றார். 40 வருடமாக எங்கள் வீட்டுக்கு வந்து போகிறவருக்கு இப்படி ஒரு காலை இருந்தது என்று எனக்கு நேற்றுத்தான் தெரியும்.

இரண்டு பக்கமும் போட்டோம். முதல் பக்கத்தை மறுபடி கேட்டார், அதையும் போட்டேன். பதிவும் ஆகிவிட்டது.

புள்ளி விழுந்த தட்டையும் அங்கேயே பிரித்தேன். குளச்சல் தங்கச்சி சொன்னது சரி, உள் காகிதம் ஒரு இடத்தில் ஒட்டத் தொடங்கியிருந்தது. நனைத்து எடுத்ததில் முழுசாக வந்துவிட்டது. இன்னும் ஒரு மழை போயிருந்தால் வராது. தட்டில் மங்கலாக ஒரு அடையாளம் நிற்கிறது, போட்டால் நாலைந்து சுற்றுக்கு வெடிக்கிறது, மற்றபடி நன்றாக இருக்கிறது.

மூன்றாவது நேராக இருக்கிறது, உள்ளே புள்ளி இல்லை. மாமிக்கு அது யார் பாட்டு என்றே தெரியவில்லை. கொச்சிக்காரரிடம் கொடுக்க மனசு வரவில்லை. மார்த்தாண்டம் அண்ணனுக்கு வேண்டுமானால் எடுத்துக்கொள்ளட்டும், நியாயமான விலை போதும். அங்கே ஏசி அறையில் இருக்கும்.


மார்த்தாண்டம் 33

தம்பி, வாங்கிக்கொள்கிறேன். பிரிக்க மாட்டேன், முன்னமே சொல்லிவிடுகிறேன். ஆனால் வருடத்துக்கு ஒரு தடவை கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்ப்பேன், வளையத் தொடங்கினால் உங்களைக் கூப்பிட்டுச் சேர்ந்தே பிரிப்போம். இரண்டு நாளாக என் 22ஐயும் எடுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். மூன்றில் உறை இறுகி வளைந்திருக்கிறது. அந்த மூன்றையும் இந்த வாரம் பிரிக்கிறேன். மற்ற 19 இருக்கட்டும்.


குளச்சல் கரை

அந்த மூன்றில் ஒன்றாவது பிரிக்கும்போதே கேட்டுவிடுங்கள் அண்ணே.


குழாய் வீட்டுப் பிள்ளை

வடசேரி அண்ணே, ஒரு ஆசை. அப்பாவின் பழைய குழாய் ஒன்று இன்னும் வேலை செய்கிறது, ஆம்ப்ளிஃபயரும் இருக்கிறது. டிசம்பர் 24 இரவு எங்கள் ஆலய முற்றத்தில் அந்தத் தட்டிலிருந்து ஒரே ஒரு பாட்டு குழாயில் போட வேண்டும். பதிவிலிருந்து கேட்கவில்லை, தட்டிலிருந்து. மாமியையும் வண்டி வைத்து அழைத்து வருகிறேன். அட்டையின் பின்பக்கம் எழுத மாட்டேன், ஒரு சிறு காகிதத்தில் தேதியும் ஊரும் எழுதி உள்ளே வைக்கலாம் என்றால் போதும்.


வடசேரிக்காரன்

மாமியிடம் இப்போதுதான் கேட்டேன். சம்மதம். காகிதம் வேண்டாமாம், அட்டையிலேயே எழுதச் சொல்கிறார், மாமா பெயரையும் சேர்த்து. டர்ன்டேபிளை நான் கொண்டு வருகிறேன், ஊசி எடை 2 கிராம்தான், நாலணா வைக்கக் கூடாது.